ஹீமோகுளோபின் சரி, ஃபெரிட்டின்?

ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லாருடைய கண்ணும் ஹீமோகுளோபின் வரிக்குத்தான் போகிறது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்குக் கவலை தருவது, 12.3 என்று பார்த்து நிம்மதியாகக் கிளம்புகிறவர்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்பார்கள். ஃபெரிட்டின் பார்த்தால் 9 இருக்கும்.

ஃபெரிட்டின் என்பது குதிரில் கிடக்கும் நெல். இரும்பு போதாதபோது உடம்பு முதலில் அந்தச் சேமிப்பைத்தான் கரைக்கும். ஹீமோகுளோபின் குறைவது பிறகுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். அப்போது 70-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். அதனால்தான் ரத்தம் எடுக்குமுன், "போன வாரம் காய்ச்சல் இருந்ததாம்மா?" என்று கேட்கிறேன்.

சீரம் அயர்ன் மட்டும் எழுதிக் கொடுத்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. காலையில் ஓர் அளவு, சாயங்காலம் வேறு அளவு காட்டும். காலையில் விழுங்கிய இரும்பு மாத்திரையே அதை ஏற்றிவிடும்.

ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.