உங்களுக்குத் தெரியுமா? வீடா, சானடோரியமா?
தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார். நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும் உள்ள இத்தகைய இடங்களில் தங்கினால்தான் நோய் தீரும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில்; படுக்கைகளோ சொற்பம்.

1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இந்த நம்பிக்கையைப் புள்ளியியல் முறைப்படி சோதித்தது. 193 ஏழை நோயாளிகளில் யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. அப்படியும் இவ்வளவுதான் வித்தியாசம்! உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு ஆபத்து கூடியதாகவும் தெரியவில்லை. 1962-இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.