ஹாஃபிஞ்ச்: கொட்டை உடைக்கும் காட்டுப் பறவை
டீன் வனம், குளோஸ்டர்ஷயர், இங்கிலாந்து

தோற்றம்
நீளம் சுமார் 18 செ.மீ. பெரிய தலை, தடித்த கழுத்து, குட்டை வால். உடல் செம்பழுப்பு, பிடரி சாம்பல், கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் கறுப்பு. பறக்கையில் சிறகின் வெள்ளைப் பட்டையும் வாலின் வெள்ளை நுனியும் பளிச்சிடும். குளிர்காலத்தில் வெளிர்மஞ்சளாக இருக்கும் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் நீலச்சாம்பலாகும்.

அலகின் வலிமை
அலகினுள் மேலும் கீழும் உள்ள கடினமான மேடுகள் கொட்டையை இறுகப் பிடிக்கின்றன. பருத்த தாடைத் தசைகள் அழுத்துகின்றன. செர்ரிக் கொட்டையை உடைக்க 27 முதல் 43 கிலோ எடைக்கு ஈடான விசை தேவை. இப்பறவையின் எடையோ ஏறக்குறைய 55 கிராம்தான்!

வாழிடமும் உணவும்
ஓக், பீச், ஹார்ன்பீம் போன்ற இலையுதிர் மரங்கள் ஓங்கிய முதுகாடுகளே இதன் வீடு. விதைகள், மொட்டுகள் முக்கிய உணவு. குஞ்சுகளுக்குக் கம்பளிப்புழுக்களையும் ஊட்டும்.

கூடு
ஏப்ரல் இறுதியிலிருந்து 4 அல்லது 5 முட்டைகள் இடும். பெட்டை அடைகாக்க, சேவல் இரை கொண்டுவரும்.

எங்கே பார்க்கலாம்?
கூச்ச சுபாவமுள்ள பறவை. பெரும்பாலும் மர உச்சியிலேயே இருக்கும். குளிர்காலத்தில் பார்க்கெண்ட் தேவாலய வளாகத்து யூ மரங்களின் அடியில் உதிர்ந்த விதைகளைத் தேடி இறங்கும். 'டிக்' என்ற கூர்மையான குரலைக் கவனியுங்கள்.

பிரிட்டனில் இதன் எண்ணிக்கை மிகவும் குறைந்ததால், 2009 முதல் பாதுகாப்புக்கான சிவப்புப் பட்டியலில் உள்ளது. அருகே செல்லாமல், அமைதியாகத் தொலைவிலிருந்து பாருங்கள்.