உறையின் மேலுள்ள எண்

வார்டில் பல நாட்கள் படுத்திருக்கும் சிறுவனிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால், ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் எளிதாகிவிடுகின்றன. இதனை நாங்கள் குறைகூறுவதில்லை. வலியிலிருந்து கவனத்தைத் திருப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆனால், "என்ன விளையாடுகிறான்?" என்று கேட்டால், "ஏதோ துப்பாக்கி விளையாட்டு, டாக்டர். முன்பு விளையாடியதன் அடுத்த பாகமாம்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

உலகெங்கும் விளையாடப்படும் 'கால் ஆஃப் டியூட்டி'யை எடுத்துக்கொள்வோம். 2003-இல் தொடங்கிய இப்போர் விளையாட்டு, 2005 முதல் ஆண்டுக்கொரு பாகமாக வருகிறது. குறிபார்ப்பது, சுடுவது, ஓடுவது என்ற அடிப்படை மாறுவதில்லை. 2023-ஆம் ஆண்டுப் பாகம் வெளியானபோது, பலர் சேர்ந்து விளையாடும் பகுதியில் 2009-ஆம் ஆண்டுப் பாகத்தின் 16 களங்களே புதுப்பித்துத் தரப்பட்டன. அரைத்த மாவையே அரைப்பதாக விமர்சகர்கள் சலித்துக்கொண்டனர்.

இந்த ஒற்றுமையே பெற்றோரை அசட்டையாக இருக்கச் செய்கிறது. "அதே விளையாட்டுதானே" என்று வாங்கித் தருகிறார்கள். அந்த 2009-ஆம் ஆண்டுப் பாகத்திலோ, விமான நிலையத்தில் நிராயுதபாணிகளான பயணிகள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி இருந்தது, விளையாடுபவரும் சுடலாம். காட்சியைத் தாண்டிச் செல்லும் வசதியும் தரப்பட்டிருந்தது. பத்து வயதுச் சிறுவன் தாமாகத் தாண்டிச் செல்வான் என எதிர்பார்க்க இயலுமா?

அமெரிக்காவில் 1994 முதல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கப்படுகிறது. இத்தொடரின் முதன்மைப் பாகங்கள் பலவற்றின் உறையில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அச்சிடப்பட்டுள்ளது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்பதைத் தடுக்கக் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தை, பேச்சுரிமையைக் காரணம் காட்டி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-இல் செல்லாதென அறிவித்தது. ஆக, இறுதிக் காவல் வீட்டாரிடமே உள்ளது.

அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. விளையாட்டே ஒருவரைக் கொடுங்குற்றவாளி ஆக்குகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவுபடுத்தியது. கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தையுடன் சிறிய அளவில் தொடர்புண்டு என்பதையும் அதே சங்கம் கூறியது. தன் கட்டுப்பாட்டை இழந்து, படிப்பையும் உறவுகளையும் கைவிட்டு விளையாடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது.

எனவே சில வேண்டுகோள்கள்:

• புதிய பாகத்தைத் தருமுன் அதன் வயதுக் குறிப்பைப் படியுங்கள்.
• முதல் அரைமணி நேரம் அருகில் அமர்ந்து பாருங்கள்.
• முன்பின் அறியாதவர்களுடன் பேசும் வசதியை அணைத்துவையுங்கள்.
• உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வாங்கிவையுங்கள். உடல் தேற உறக்கம் இன்றியமையாதது.
• இரவில் துணையிருக்கும் தாத்தா பாட்டியிடமும் இவற்றைச் சொல்லிவையுங்கள்.

அடுத்த முறை வார்டுக்கு வரும்போதும் இதே கேள்வியைக் கேட்போம். விளையாட்டின் பெயரையும் உறையின் மேலுள்ள எண்ணையும் நீங்கள் சொன்னால் மகிழ்வோம்.