'இன்' போட்டா எரியாதா பாஸ்?

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப். கழுவின பீக்கர் சீக்கிரம் காயறதுக்கு அசிட்டோன் ஊத்துவோம் இல்லையா? அந்த பாட்டிலைக் கொண்டுபோய், எரிஞ்சுக்கிட்டிருந்த பன்சன் பர்னர் பக்கத்துல கூலா வெச்சான் என் லேப் மேட். பாய்ஞ்சு வந்து எடுத்தார் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்.

''லேபிளைப் படிச்சியாடா?''

''படிச்சேண்ணா. 'இன்ஃப்ளேமபிள்'னு போட்டிருந்துச்சு. ஆக்டிவ் - இன்ஆக்டிவ் மாதிரி, எரியாதுன்னு நினைச்சேன்!''

சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். அன்னிக்கு வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்!

மேட்டர் இதுதான். லத்தீன்ல ரெண்டு 'இன்' உண்டு. ஒண்ணு, 'இல்லை'னு சொல்ற இன். இன்னொண்ணு, 'உள்ளே'னு சொல்ற இன். இங்கே இருக்கறது ரெண்டாவது. தீ மூட்டுறதைக் குறிக்கிற 'இன்ஃப்ளமாரே'ங்கிற சொல்லில் இருந்து வந்தது. ஆக, ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டுமே 'சட்டுனு தீப்பிடிக்கும்'தான். எரியாததுக்குப் பேர் 'நான்-ஃப்ளேமபிள்'!

இந்தக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும்னுதான், அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் 1920-கள்லயே 'ஃப்ளேமபிள்'னு எழுதச் சொன்னது. நம்ம ரோட்டுல போற பெட்ரோல் டேங்கர்கள் பின்னாடி இன்னமும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' பார்க்கலாம்.

'கம்பஸ்டிபிள்' வேற ரகம். எரியும், ஆனா கொஞ்சம் சூடாகணும். ஒரு திரவத்தோட ஆவி தீப்பிடிக்கிற குறைஞ்சபட்ச வெப்பநிலைதான் 'ஃப்ளாஷ் பாயின்ட்'. பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் பக்கம். டீசலுக்கு 50-க்கு மேல. பெட்ரோல் ஃப்ளேமபிள், டீசல் கம்பஸ்டிபிள்னு அமெரிக்காவில் பிரிச்சது இதை வெச்சுத்தான்.

வார்த்தை நம்மளை ஏமாத்தும்னு கண்டுபிடிச்சவரும் ஒரு இன்ஜினீயர்தான்! பெஞ்சமின் லீ வோர்ஃப். 1918-ல் எம்.ஐ.டி-யில் கெமிக்கல் முடிச்சுட்டு, தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெட்ரோல் டிரம் நிறைஞ்சிருந்தா ஜனங்க உஷாரா இருக்காங்க. 'காலி' டிரம்னா பக்கத்துலயே தம் அடிக்கிறாங்கன்னு கவனிச்சார். ஆனா, காலி டிரம்ல நிறைய இருக்கறது பெட்ரோல் ஆவி. அதுதான் பெரிய ஆபத்து! பின்னாளில் மொழியியலில் பெரிய ஆளானார் வோர்ஃப்.

எங்க லேப் அசிட்டோன் பாட்டில்ல இப்போ ரெண்டு லேபிள். கீழே இருக்கறது என் லேப் மேட் கைப்பட எழுதி ஒட்டினது: 'எரியும்டா!'