அடி வாங்குகிற ஆணும் உதவி கேட்கலாம்



கூமாப்பட்டியில் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு அக்கா மட்டும் தயங்கி உட்கார்ந்திருந்தார். "மேடம், பொண்டாட்டி புருசன அடிச்சா எங்க போய்ச் சொல்றது?" என்று கேட்டார். கூட்டமே சிரித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அக்கா சிரிக்கவில்லை. "என் தம்பி கை வெந்து கெடக்கு மேடம்" என்றார்.

அந்தத் தம்பி தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்திருக்கிறார். அக்கா வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. சண்டையில் மனைவி கொதிக்கிற கஞ்சித் தண்ணியை ஊற்றிவிட்டார். ஆஸ்பத்திரியிலோ இவர், "கால் இடறிக் கொட்டிருச்சு" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனைவியும் நம் கூட்டமைப்பில் வேறொரு குழுவின் உறுப்பினர்தான். மூவரிடமும் கேட்டு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இப்படியும் நடக்குமா?

நடக்கிறது. ஆனால் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். கணவன் அடிக்காதபோதே தான் கை நீட்டியதுண்டு என்று சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 100-க்கு சுமார் 4 பேர். "மனைவி உங்களை அடிக்கிறாரா?" என்று ஆண்களிடம் அந்தக் கணக்கெடுப்பில் கேட்பதே இல்லை.

அரியானா கிராமங்களில் 1000 திருமணமான ஆண்களிடம் கேட்ட ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் பாதிப்பேர், திட்டு, அவமானம், மிரட்டல் போன்ற மனரீதியான வன்முறையைச் சொன்னார்கள். உடல்ரீதியான வன்முறையைச் சொன்னவர்கள் 100-க்கு 6 பேர்.

ஆகவே அதிகம் அடிபடுவது பெண்கள்தான். அதில் மாற்றம் இல்லை. அதற்காக அடிபடுகிற ஒரு ஆணின் காயம் பொய்யாகிவிடாது.

ஆண்கள் ஏன் வெளியே சொல்வதில்லை?

"பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறான்" என்று டீக்கடையில் பேசிவிடுவார்களே என்ற பயம். நாம் கூட்டத்தில் சிரித்தோமே, அதே சிரிப்புதான். போலீசில் சொன்னால் நம்புவார்களா என்ற சந்தேகம். பிள்ளைகளைப் பிரிந்துவிடுவோமோ என்ற கவலை. சொல்ல முடியாதவர் குடிக்கிறார், வேலைக்குப் போகாமல் கிடக்கிறார், சிலர் சாகவும் துணிகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் பெண்தான் மனு கொடுக்க முடியும். ஆணுக்கு இதில் வழி இல்லை. ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன.

அடிப்பது யாராக இருந்தாலும் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், காயப்படுத்துவதற்கு 115-வது பிரிவு. ஆயுதத்தாலோ, நெருப்பு, சூடான பொருளாலோ காயப்படுத்தினால் 118-வது பிரிவு. சாதாரண அடிக்கு மாஜிஸ்திரேட் அனுமதி பெற்றுத்தான் போலீஸ் விசாரிக்க முடியும். 118-க்கு நேரடியாகவே வழக்குப் பதியலாம்.

இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி, கொடுமையைக் காரணம் காட்டிக் கணவனும் விவாகரத்து கேட்கலாம். மனரீதியான கொடுமையும் கொடுமைதான். 2007-ல் சமர் கோஷ் வழக்கில் கணவர் கேட்ட விவாகரத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், மனக்கொடுமை எது எது என்று உதாரணங்களோடு விளக்கியது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? நம் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள ஆண்களுக்கும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லை. போன் 15100.

யார் யாருக்குப் பயப்படுகிறார்?

இது முக்கியமான கேள்வி. தினமும் அடிக்கிற புருசனைத் தடுக்க ஒருநாள் மனைவி தள்ளிவிட்டால், "அவ என்னய அடிக்கிறா" என்று அவனே முதலில் வந்து நிற்பான். அது தற்காப்பு. அதனால் ஒரு நாள் சண்டையை மட்டும் பார்க்கக் கூடாது. வீட்டில் யார் குரல் கேட்டால் யார் நடுங்குகிறார்? சம்பளம், போன், போக்குவரத்து யார் பிடியில் இருக்கிறது? இதை இருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணினால் பயந்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

நாம் என்ன செய்யலாம்?

1. அண்ணனோ, தம்பியோ, மகனோ சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். "ஆம்பளதானே, திருப்பி அடி" என்று சொல்லாதீர்கள். திருப்பி அடித்தால் வன்முறை இரண்டாகும்.

2. காயம் எப்படி வந்தது என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுதான் பின்னால் சாட்சி.

3. "செத்துரலாம்போல இருக்கு" என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். செலவில்லை.

4. ஆபத்து நேரத்தில் 112. பெண்களுக்கு 181.

5. கூட்டத்தில் கேட்டதைத் தெருவில் பேசாதீர்கள்.

அந்தத் தம்பி மனைவியிடமும் தனியாகப் பேசினேன். அவருக்குத் தெரியாமல் கணவர் கடன் வாங்கியிருந்தது உண்மை. கோபமும் நியாயம். கடனுக்காகக் கையை வேகவைத்தது நியாயமில்லை என்று சொன்னேன். வெகு நேரம் அழுதார். இப்போது அவரும் கவுன்சலிங் போகிறார். தம்பி அக்கா வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கிறார். சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்று இன்னும் முடிவாகவில்லை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதும் அவர் முடிவுதான்.

அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்துவிட்டார் என்று அக்கா போன வாரம் சொன்னார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். யாராவது தயங்கி உட்கார்ந்திருந்தால், எழுந்து போகாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

- கள ஒருங்கிணைப்பாளர்