பிடி தளர்ந்த குளவி

மருந்துக்குப் பூச்சி பழகிவிடும், குளவிக்குப் பழகாது என்ற நம்பிக்கையை நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பொய்யாக்கியிருக்கின்றன. அங்கே மாடும் ஆடும் மேயும் ரை புல்லின் தண்டைக் குடைவது, தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு கூன்வண்டின் புழு. தண்டுக்குள் இருக்கும் புழுவுக்கு மருந்து எட்டுவது கடினம். எனவே 1991-இல் வண்டின் தாயகத்திலிருந்தே ஒரு குளவியைத் தருவித்துப் பரப்பினார்கள். அது புழுவைத் தேடுவதில்லை. வெளியே நடமாடும் வளர்ந்த வண்டின் உடலுக்குள் முட்டையைச் செலுத்துகிறது. அதோடு பெண் வண்டு மலடாகிவிடும்; குளவிப்புழு வளர்ந்து வெளியேறும்போது வண்டு சாகும். (சாவைவிட மலட்டுத்தன்மைதான் விவசாயிக்குப் பெரிய ஆதாயம்.) சில இடங்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட வண்டுகள் குளவியைச் சுமந்தன. ஏழே ஆண்டுகள், அதாவது வண்டுக்குச் சுமார் 14 தலைமுறைகள். பிறகு அந்த விகிதம் நாடெங்கும் சரியத் தொடங்கியது. 21 ஆண்டுக் கணக்கை அலசி 2017-இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது.

தட்பவெப்பம் மாறியதால் வந்த சரிவு என்று சொல்லிப் பார்க்கலாம். அப்படியானால் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருக்க வேண்டும். எல்லாச் சூழலிலும் ஒன்றுபோலவே நடந்தது. குளவி பிறக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் பிடிபடுகிறது. ஆண் துணையின்றிப் பெண் பெண்ணையே பெறும் இனம் அது. தாயின் அச்சிலேயே மகளும் வார்க்கப்படுகிறாள். வண்டோ ஆணும் பெண்ணும் கூடிப் பெருகுவது. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டு கலைகிறது, தப்பிக்கத் தெரிந்தவற்றின் பிள்ளைகள் மிஞ்சுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே புல் என்பதால் குளவிக்கு எட்டாத மூலைமுடுக்கும் குறைவு. அதனால் குளவியிடம் எளிதில் சிக்கும் பழைய வகை வண்டுகள் ஒதுங்கிப் பிழைத்து, மறுபடி கலந்துகொள்ள வாய்ப்பில்லை.

ஒரே நிகழ்வை வைத்து உயிரியல் கட்டுப்பாட்டையே சந்தேகிக்கலாமா என்பார்கள். இந்த வண்டுக்கு எதிராகப் பூஞ்சை குடியிருக்கும் புல் ரகங்கள் கைகொடுக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அதே நாட்டில் குதிரைமசால் கூன்வண்டுக்கு எதிராக 1982-இல் மொராக்கோவிலிருந்து வந்த இன்னொரு குளவி, ஆணும் பெண்ணுமாகப் பெருகுவது. அதன் பிடி இன்னும் விடவில்லை. சந்தேகம் குளவிகளின் மேல் அல்ல, ஒரே அச்சுக் குளவியை ஒரே அச்சுப் புல்வெளியில் விடும் பழக்கத்தின் மேல். க்ளோவர் கூன்வண்டை அடக்க 2006-இல் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டது மொராக்கோ குளவியின் இனமேதான், ஆனால் பெண்கள் மட்டுமே உள்ள வகை. இப்போதைக்கு அது வெற்றிக் கணக்கில் இருக்கிறது. 1991-இல் வந்த குளவியும் முதல் ஏழாண்டுகள் அந்தக் கணக்கில்தான் இருந்தது.