கரையிலிருந்து டால்பின்: லென்ஸ் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே கடல் உள்ளே நுழையும் வாய் அரை கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. சீன வலைகள் வரிசையாக நிற்கும் அந்தக் கரையில் பொறுமையாகக் காத்திருந்தால், மீன் கூட்டத்தைத் துரத்திவரும் கூன்முதுகு டால்பின்களைப் படகு ஏறாமலே பார்க்க வாய்ப்புண்டு. ஆழம் குறைந்த கரையோர நீரை விட்டு அதிகம் விலகாத இனம் இது. கப்பல், மீன்பிடி வலை, கழிவு என்று மனிதர் உண்டாக்கும் எல்லாத் தொல்லைகளும் முதலில் இதைத்தான் தாக்குகின்றன. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது.

பார்த்தவர்களுக்கு அடுத்த ஆசை படம். செல்போனை நீட்டுகிறார்கள், திரையில் தண்ணீர்தான் தெரிகிறது. அன்று மாலையே இணையத்தில் லென்ஸ் தேடத் தொடங்குகிறார்கள். ஏமாற்றுக்காரர்களும் அரைகுறைத் தகவல்களும் காத்திருப்பது அங்கேதான். கரையில் நிற்பவருக்குத் தேவையான லென்ஸ் விற்பவர் சொல்வதைவிடச் சிறியது. கேட்டு வாங்க வேண்டிய காகிதமோ விற்பவர் தருவதைவிட அதிகம்.

முதலில் கணக்கு. கூன்முதுகு டால்பின் மேலே வரும்போது மூக்கு முனை எட்டிப் பார்க்கும், பிறகு முதுகு வளையும், திமில் மேல் உட்கார்ந்த சிறு துடுப்பு தெரியும், மறுகணம் மறைந்துவிடும். வெளியே தெரியும் உடல் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; தூரம் 200 மீட்டர். செல்போனின் சாதாரண கேமரா அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 275 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்குகிறது. நான்காயிரம் புள்ளி அகலமுள்ள படத்தில் டால்பினுக்குக் கிடைப்பது இருபது புள்ளி சொச்சம். அதே இடத்தில், ஏபிஎஸ்-சி சென்சாரும் 24 மெகாபிக்சலும் உள்ள ஒரு தொடக்கநிலை கேமராவில் 250 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் சுமார் 500 புள்ளி கிடைக்கும். 400 மி.மீ. என்றால் 800, 600 மி.மீ. என்றால் 1,200. துடுப்பின் ஓரத்தில் உள்ள வெட்டுத் தழும்பைக் காட்ட 500 புள்ளி போதும். அஞ்சலட்டை அளவுக்கு அச்சிடவும் ஓரளவு தாங்கும்.

250க்கும் 600க்கும் உள்ள வேறுபாடு இரண்டரை மடங்குதான். எடையைப் பாருங்கள்: கேனன் 55-250 எஸ்டிஎம் லென்ஸ் 375 கிராம், சிக்மா 150-600 கன்டெம்பரரி கிட்டத்தட்ட இரண்டு கிலோ. விலை வித்தியாசம் அதைவிட அதிகம். டால்பின் எங்கே தலை தூக்கும் என்று தெரியாத நிலையில், சட்டென்று திருப்பிப் பிடிக்கக் கனம் குறைந்த லென்ஸ்தான் கைகொடுக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்களுக்கு சிக்மா அல்லது டாம்ரான் 100-400 நல்ல இடைநிலை. அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் இந்தக் கரையில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

எஃப் 2.8 இல்லாவிட்டால் வனவிலங்குப் படமே எடுக்க முடியாது என்று கடைகளில் சொல்வதுண்டு. இருண்ட காட்டுக்கு அது பொருந்தலாம். திறந்த கடற்கரை வெயிலில் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 வைத்தாலே 1/2500 நொடி வேகம் கிடைக்கிறது. மேகமூட்டமான காலையில் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றிக்கொள்ளலாம். மதிய நேரத்தில் நீர்ப்பரப்பின் மேல் காற்று சூடேறி அலைந்தால் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸாக இருந்தாலும் படம் குழம்பும். அந்தச் சமயத்தில் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை.

வாங்கக்கூடாதவையும் உண்டு. மலிவாக விற்கும் 420-800 மி.மீ. லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. துளையும் மிகச் சிறியது. 500 மி.மீ. ‘மிரர்’ லென்ஸில், ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் வளையமாக மாறும். கடல் முழுக்க மினுங்கும் வெயில் அத்தனையும் வளையங்களாக விழுந்த படத்தை ஒருமுறை பார்த்தால் போதும். லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் ‘2எக்ஸ்’ கண்ணாடியால் படம் பெரிதாகும், தெளிவு போய்விடும். சலுகைப் பொதிகளில் சேர்த்துத் தரப்படும் கேனன் 75-300 லென்ஸில் நடுக்கத் தடுப்பு இல்லை. 300 முனையில் அதன் கூர்மையும் குறைவு. பெயர் ஒத்திருப்பதால் பலர் இதை 55-250க்குச் சமம் என்று நம்பிவிடுகிறார்கள்.

நிக்கானில் குழப்பம் இன்னும் நுட்பமானது. ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸ் லென்ஸ் இரண்டு வடிவங்களில் வந்தது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் பெயரில் ‘விஆர்’ என்ற எழுத்துகள் இருக்கும், மற்றதில் இருக்காது. நடுக்கத் தடுப்பு அந்த எழுத்துகள் உள்ளதில் மட்டும்தான். மேலும், டி90, டி3000 போன்ற பழைய கேமராக்களில் ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகாது. சொந்தக் கேமராவைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

புதிதாக வாங்கினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவற்றைப் பொதிகட்டிய பொருட்களுக்கான 2011 எடையளவு விதிகள் கட்டாயமாக்குகின்றன. அந்த ஒட்டுச்சீட்டு இல்லாமல் ‘இறக்குமதி விலை’ என்று தள்ளுபடியில் தரப்படும் லென்ஸ் பெரும்பாலும் சாம்பல் சந்தைச் சரக்கு. அதற்கு இந்திய உத்தரவாதம் கிடைக்காது. பழுதானால் சேவை மையத்தில் முழுக் கட்டணம் கேட்பார்கள், சில சமயம் வாங்கவே மறுப்பார்கள்.

ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம். அந்த வாசகத்தை நுகர்வோர் ஆணையங்கள் கண்டித்திருக்கின்றன. இணையத்தில் வாங்கியது விளம்பரத்தில் சொன்ன தன்மையோடு இல்லாவிட்டால் விற்பவர் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்கின்றன 2020 மின்வணிக விதிகள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. 55-250 போன்றவை இப்போது அதிகம் புழங்குவதே பழைய சந்தையில்தான். ஆனால் கடை மேசையிலேயே பத்து நிமிடம் செலவிடுங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சின்னத் தூசி கெடுதல் செய்யாது. சிலந்தி நூல் போலக் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, தள்ளிவைத்துவிடுங்கள். பிறகு ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருப்புங்கள். நறநறவென்றால் மணலோ உப்போ உள்ளே போயிருக்கிறது. உலோக மவுண்டில் பச்சை பூத்திருந்தால் கடற்காற்றில் கிடந்த லென்ஸ். கடைசியாக 250லோ 300லோ வைத்து, தெருவின் எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையை எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

ரசீதில் வரிசை எண்ணை எழுதி வாங்குவது அவசியம். அது திருட்டு லென்ஸாக இருந்து, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. சந்தேகப்படும்படி விலை குறைந்திருப்பதே அப்படியொரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம். தனிநபரிடம் நேரடியாக வாங்கும்போது நுகர்வோர் ஆணையத்தின் துணை கிடைப்பது கடினம், அவர் வணிகர் அல்ல என்பதால். ஆகவே முன்பணம் அனுப்பாமல், நேரில் பார்த்து, அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வழியுண்டு.

கடை மீதான புகாருக்கு முதல் படி எழுத்தில் ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட ஆணையம். கொச்சியில் வாங்கியதற்குக் கொச்சிக்கே போக வேண்டியதில்லை. வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம், இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. கல்யாண வீட்டில் படம் எடுத்துப் பிழைப்பவர், ‘நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள்’ என்று கடைக்காரர் சொன்னால் மிரள வேண்டாம். சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காகத் தானே பயன்படுத்த வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது.

லென்ஸ் கைக்கு வந்த பிறகும் சட்டம் கரையில் காத்திருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் டால்பின் இருக்கிறது. ‘வேட்டை’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறை கொல்வதோடு நிற்பதில்லை. விரட்டுவதும் இரை போட்டு இழுப்பதும் அதில் அடங்கும். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ‘இன்னும் கிட்டே போங்கள்’ என்று படகுக்காரருக்குக் கூடுதல் பணம் நீட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய லென்ஸில் படம் சிறிதாக வருகிறது என்பதற்காக டால்பினை நெருக்குவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

ஃபோர்ட் கொச்சியில் இன்னொரு கவனமும் தேவை. கடற்படையின் ஐஎன்எஸ் துரோணாச்சாரியா பயிற்சித்தளம் அந்தக் கரையிலேயே இருக்கிறது, எதிரே துறைமுகம். நீளமான லென்ஸைக் கடற்படை வளாகத்தின் பக்கம் திருப்பினால் 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் வரை விசாரணை போகலாம். ட்ரோனை அனுமதியில்லாமல் அங்கே பறக்கவிட நினைக்கவே வேண்டாம்.

எடுத்த படங்களுக்கு ஆல்பத்தைத் தாண்டியும் பயன் உண்டு. துடுப்பின் ஓர வெட்டுகளை வைத்து ஆய்வாளர்கள் ஒவ்வொரு டால்பினையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். இந்தியக் கடற்பாலூட்டி ஆய்வு, பாதுகாப்பு வலையமைப்பின் தரவுத்தளத்தில் பொதுமக்களும் தாங்கள் பார்த்ததைப் பதியலாம். துடுப்பு பக்கவாட்டில் தெரியும் படத்தை வெட்டாமல், தேதி, நேரம், இடத்தோடு அனுப்புவது நல்லது. கரையில் அடிபட்டோ இறந்தோ ஒதுங்கிய டால்பினைக் கண்டால் கடலுக்குள் தள்ளாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அப்போது எடுக்கும் படத்தில் உடலிலுள்ள காயங்களும் வலைத் தழும்புகளும் தெளிவாகத் தெரிந்தால், சாவுக்கான காரணத்தைத் தேடுபவர்களுக்கு அது சான்றாகும்.